இருபத்திரண்டு சில்லு

பள்ளிக்கூட ஹாலில் ஆறு மேஜைகள். ஒவ்வொன்றிலும் தெருவின் வரைபடமும் முப்பது சிவப்புச் சில்லுகளும். நகராட்சி ஒதுக்கிய பணம் அவ்வளவுதான். எதைக் கட்டுவது என்று தெருக்காரர்களே சில்லு வைத்துத் தீர்மானிக்க வேண்டும். எதற்கு எத்தனை சில்லு என்று விலை போட்டவள் நகராட்சி இன்ஜினியர். காலையிலிருந்து மேஜை மேஜையாக விளக்கிக்கொண்டிருந்தாள்.

நான்காவது மேஜையில் அவள் தங்கை புருஷன், பஸ் டிரைவர். எட்டு மாதத்துக்கு முன் தங்கை வேன் மோதிச் செத்தது அந்தத் தெருமுனையில்தான். வரைபடத்தில் அது கட்டைவிரல் அகலம். அங்கே ஆட்கள் கடக்க சிக்னல்: இருபத்திரண்டு சில்லு.

"இருபத்திரண்டா? மொத்தத்தையும் முழுங்கிடுமே!" என்ற மளிகைக்கடைக்காரர், டிரைவரைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

டிரைவர் பத்துச் சில்லை எண்ணி, பஸ் ஸ்டாப் கழிப்பறைக்கு வைத்தான்.

"தம்பி, முனைக்கு வைக்கலையா?" என்றாள் இன்ஜினியர்.

"அவ அந்த ஸ்டாப் கவுண்டர்ல ஆறு வருஷம் டிக்கெட் கொடுத்தாக்கா. வேலைக்குப் போனா தண்ணியே குடிக்க மாட்டா. போறதுக்கு எடம் எங்க இருக்குன்னு கேப்பா. உங்ககிட்ட சொன்னதில்லையா?"

சொன்னதில்லை. அழுகை வரும் என்று நின்றாள். வரவில்லை. இன்னும் பத்து நிமிஷம் என்று மைக்கில் சொன்னார்கள்.

சிக்னலின் எஸ்டிமேட்டைத் திறந்தாள். செதுக்கிய கல், அலங்கார விளக்குக் கம்பம். மேலதிகாரிக்குப் பிடிக்குமே என்று அவளே சேர்த்தவை. கோடு போட்டு அடித்தாள். மைக்கை வாங்கி, "சிக்னலுக்குப் பதினாறு சில்லு போதும். அலங்காரத்த எடுத்துட்டேன்," என்றாள். வேறு யாரோ பேசுவது போலிருந்தது.

"இத காலையிலயே சொல்லியிருக்கலாமே!" என்றார் மளிகைக்கடைக்காரர்.

சிக்னலுக்கு ஐந்து மேஜைகள் வைத்தன. கழிப்பறைக்கு இரண்டே. முடிவைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பேனா சரியாகத்தான் எழுதியது.

டிரைவர் நாற்காலிகளை மடக்க வந்தான். "அவ துணியெல்லாம் அப்படியே கெடக்குக்கா. என்னால தொட முடியல. ஒருதரம் வாங்களேன்."

"ஞாயித்துக்கிழமை வரேன்."

"அது நாளைக்குத்தான்க்கா."

அவளும் ஒரு நாற்காலியை மடக்கினாள். "அப்போ நாளைக்கு," என்றாள்.