கயிறு இல்லாத பாட்டில்

எங்கள் சியாரா குடும்பத்தார் யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போனதில்லை. வந்தவரை வாய் உலர அனுப்பியதும் இல்லை. தெற்குப் பிலடெல்பியாவில், மூர் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். அதனால்தான், என் மகள் லொரெடானாவைக் கட்டிக்கொள்ளப்போகிற உலிசெஸின் பெற்றோர் நிச்சயதார்த்தத்துக்கு அழைத்து, ஒரு முழு ஆட்டைக் குழியில் வேகவைத்துப் போட்டபோது, கையைத் துடைப்பதற்கு முன்பே அடுத்த விருந்து எங்களுடையது என்று சொல்லிவிட்டேன்.

உலிசெஸின் அப்பா பிடென்சியோ மெக்சிகோவில் பூவெப்லாப் பக்கத்திலிருந்து வந்தவர். ஒன்பதாம் தெருவில் ரொட்டிக்கடை வைத்திருக்கிறார். என்னைவிட இளையவர் என்றாலும் முதுகு என்னுடையதைப் போலவே வளையாது. அன்று ஊரிலிருந்து வந்த மெஸ்கால் சாராயத்தை அவரே தன் கையால் ஊற்றினார். நான் டம்ளரைக் கீழே வைத்த போதெல்லாம் அது மறுபடி நிறைந்திருந்தது.

வீடு திரும்பும் வழியில் என் மனைவி ரொசால்பா கேட்டாள்: "இதுக்குப் பதிலா நாம என்ன செய்யப்போறோம்?"

எனக்கும் அதே யோசனைதான். வெள்ளை விரிப்புப் போட்ட பெரிய ஹோட்டல் ஒன்றை மனதில் வைத்திருந்தேன். லொரெடானா ஒத்துக்கொள்ளவில்லை.

"அப்பா, அங்க ஒரு பாட்டில் ஒயினுக்குக் கடை விலையில மூணு மடங்கு போடுவாங்க. போன தடவை நீங்க மெனுவைப் பாத்துட்டு, 'துப்பாக்கியக் காட்டிக் கேட்டிருக்கலாமே'ன்னு எல்லார் காதுலயும் விழுற மாதிரி சொன்னீங்க."

"சம்பந்தி முன்னால சொல்லமாட்டேன்."

"வாய் சொல்லாது. மூஞ்சி சொல்லிடும். பேசாம நதீன் கடைக்குப் போவோம். நானும் உலிசெஸும் ஞாயித்துக்கிழமை ஆனா அங்கதான் கிடக்கோம். பத்தரைக்குப் போனா இடம் கிடைக்கும். நம்ம பாட்டிலையே கொண்டுபோயிடலாம்."

நதீன் கடை எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு முக்கில் இருக்கிறது. முன்பு செருப்புக்கடையாக இருந்த சின்ன உணவகம். முப்பது பேர் முழங்கை இடிக்க உட்காரலாம். எங்கள் பகுதியில் பாதிக் கடைகளைப் போல நதீனுக்கும் மது விற்க உரிமம் கிடையாது. வேண்டியதை நாமே கொண்டுபோக வேண்டும். அவள் ஆட்கள் திறந்து தருவார்கள், டம்ளர் தருவார்கள், அதற்குக் காசு வாங்கமாட்டார்கள். நான் அதைக் குறையாக நினைப்பவன் அல்ல. சாப்பாடு அவளுடையது, பாட்டில் நம்முடையது. இன்னும் சொன்னால், அங்கே குடும்பத்தின் முகம் அந்தப் பாட்டில்தான். பக்கத்து மேஜைக்காரன் எதைக் கொண்டுவந்திருக்கிறான் என்று பார்க்காதவன் இந்த ஊரில் இல்லை.

என் பாட்டில் எது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் கலிபோர்னியாத் திராட்சை பெட்டி பெட்டியாக வந்திறங்கும்போது, வீட்டின் நிலவறையில் நானே ஒயின் போடுகிறேன். ஒரு பீப்பாயை மட்டும் வேண்டுமென்றே புளிக்கவிட்டு வினிகராக்குவேன். இரண்டையும் ஒரே மாதிரிப் பச்சைப் பாட்டில்களில் அடைத்து, ஒரே அலமாரியில் படுக்கவைப்பேன். வினிகர் பாட்டிலின் கழுத்தில் ஒரு வெள்ளைக் கயிறு கட்டியிருக்கும். கயிறு இருந்தால் வினிகர், இல்லையென்றால் ஒயின். எங்கள் வீட்டில் பிறந்த குழந்தைக்கும் அது தெரியும்.

சனிக்கிழமை மாலை கீழே இறங்கி, பின்வரிசையில் தூசி படிந்திருந்த பாட்டில்களிலேயே பழையதை எடுத்தேன். கழுத்தில் கயிறு இல்லை. துடைத்து, பழுப்புக் காகிதப் பையில் வைத்து, வாசலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூங்கப்போனேன்.

மறுநாள் தேவாலயத்தில் பூசை முடிந்து நேராக நதீன் கடைக்குப் போனோம். நடைபாதையிலேயே ஆட்கள் கையில் பையோடு நின்றிருந்தார்கள். உள்ளே வெங்காயமும் பன்றி இறைச்சியும் கல்லில் பொரிகிற வாசனை ஆளைத் தள்ளியது. பிடென்சியோ கோட்டுப் போட்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தார். அவர் மனைவி யூபேமியா என் மனைவியைக் கட்டிப்பிடித்தாள். பிடென்சியோவின் கக்கத்திலும் ஒரு பாட்டில் இருந்தது. அதே மெஸ்கால்.

அதைப் பார்த்ததுமே நான் சொன்னேன், "சம்பந்தி, இன்னிக்கு விருந்து என்னோடது. என் பாட்டில் காலியாகாம உங்க பாட்டிலைத் திறக்கக் கூடாது."

அவருடைய ஸ்பானியத்தை என் வீட்டு இத்தாலியத்தை வைத்துப் பாதி பிடித்துக்கொள்வேன். மீதிக்கு இரண்டு பேருமே இங்கே கற்ற ஆங்கிலம் இருக்கிறது.

"உங்க வீட்டுச் சட்டம், சம்பந்தி," என்று அவர் பாட்டிலை மேஜைக்கு அடியில் வைத்தார்.

பரிமாறும் பெண் வந்து என் பாட்டிலின் தக்கையை உருவினாள். முதல் டம்ளர் சமையலறைக்கு. நல்ல பாட்டில் கொண்டுபோனால் சமைப்பவருக்கு ஒரு வாய் அனுப்புவது எங்கள் பக்கத்தில் வழக்கம். நதீனுக்குக் கொண்டுபோகச் சொல்லி நானே கையைக் காட்டினேன். அடுத்தது பிடென்சியோவுக்கு, அதற்கடுத்தது எனக்கு. குடும்பத் தலைவர்கள் குடித்த பிறகுதான் மற்றவர்களுக்கு.

எழுந்து நின்றேன். பக்கத்து மேஜையில் பொங்கும் ஒயினை ஆரஞ்சுச் சாற்றோடு கலந்து குடித்துக்கொண்டிருந்த இளம்பெண்கள் கூடப் பேச்சை நிறுத்தினார்கள்.

"இது என் கையால போட்டது. எங்க வீட்டுல இதுக்கு மேல ஒண்ணும் கிடையாது. அதை உங்களுக்குத் தர்றேன்," என்றேன்.

டம்ளரை முட்டிக்கொண்டோம். ஏப்ரல் மாதத்து மகரந்தத்தில் என் மூக்கு அடைத்திருந்தது. அதனால் நாக்கில் படும்வரை எனக்குத் தெரியவில்லை.

பிடென்சியோ என்னைவிட ஒரு நொடி முன்பே விழுங்கியிருந்தார். அவர் மீசை லேசாக அசைந்தது. கண்ணில் நீர் கட்டியதைப் பார்த்தேன். டம்ளரைக் கீழே வைத்து, நேராக உட்கார்ந்து, "நல்லா இருக்கு சம்பந்தி. வலுவா இருக்கு," என்றார்.

இப்போது நான் என்ன சொல்வது? அது வினிகர் என்று சொன்னால், நல்லா இருக்கு என்று சொன்ன மனிதரைப் பொய்யராக்க வேண்டும். அதோடு, எங்கள் வீட்டில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று இத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று சொன்னவன் நான். வேறு பாட்டில் வாங்கி வரவும் வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை அரசு மதுக்கடை பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கும். ஒரு முழு ஆடு போட்ட வீட்டுக்காரருக்கு நான் டம்ளர் நிறைய வினிகர் போட்டிருக்கிறேன். இதை ஒன்பதாம் தெரு ரொட்டிக்கடையில் ஒருவர் சொன்னால் போதும், பேரன் காலம் வரை ஓடும்.

என் டம்ளரில் இருந்ததை விழுங்கினேன். தொண்டையைச் சுரண்டிக்கொண்டு இறங்கியது.

பரிமாறும் பெண் பெண்களின் டம்ளரை நோக்கிப் பாட்டிலைச் சாய்த்தாள்.

"அவங்களுக்கு வேணாம்," என்றேன். "ஆரஞ்சு ஜூஸ் கொண்டு வாம்மா."

லொரெடானா நிமிர்ந்தாள். "என்னப்பா, உங்க ஒயினை நீங்களே பதுக்குறீங்க? போன கிறிஸ்துமஸ்ல வாசல்ல தபால் குடுக்க வந்தவருக்கே ரெண்டு டம்ளர் ஊத்துனீங்க!"

"காலையில பொம்பளைங்களுக்கு எதுக்கு?"

"இது எந்த நூத்தாண்டு சட்டம்?" என்று என் டம்ளரை எட்டி எடுத்தாள். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அப்பா..."

"முட்டை ஆறுது. சாப்பிடு."

அவள் உலிசெஸின் காலை மிதித்திருக்க வேண்டும். அவன் காரணம் தெரியாமல் ஒரு முறை துள்ளினான். ரொசால்பா மட்டும் தலை நிமிராமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒயினைப் பற்றிப் பேச்சு வந்தால் இவள் எப்போதும் முதலில் வாய் திறப்பாள். அந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று நானும் பார்த்தேன். வறுத்த உருளைக்கிழங்கு.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வியாழக்கிழமை இரவு அவள் மாட்டிறைச்சியைப் பூண்டு, பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டிச் சமைத்திருந்தாள். இறைச்சிச் சுருளைக் கட்டக் கயிறு வேண்டும். என் தட்டில் இருந்த சுருளில் வெள்ளைக் கயிறு இருந்தது. நானே அதை அறுத்துப் போட்டேன்.

பிடென்சியோ அதற்குள் டம்ளரை முடித்துவிட்டிருந்தார். பாட்டிலில் பாதிக்கு மேல் மிச்சம். என் சட்டத்தை நான்தான் போட்டேன், அதை எடுக்க வேண்டியவனும் நான்தான். ஆனால் எந்தக் காரணத்தைச் சொல்லி எடுப்பது? அவர் தன் டம்ளரை என் பக்கம் தள்ளினார். நான் ஊற்றினேன். எனக்கும் ஊற்றிக்கொண்டேன். இரண்டு பேரும் ஒரு வாய் குடித்து ஒரு வாய் ரொட்டி கடித்தோம். ரொட்டி நிறையத் தேவைப்பட்டது.

"எங்க ஊர்ல இவ்வளவு நல்லா செய்ய மாட்டாங்க," என்றார் அவர்.

"பழசு," என்றேன்.

"அது தெரியுது."

யூபேமியா கணவரை ஒரு தினுசாகப் பார்த்தாள். "என்னங்க, கண்ணு கலங்குது?"

"சந்தோஷம்."

அந்த நேரத்தில் சமையலறைக் கதவு திறந்தது. நதீன் வந்தாள். ஆறடி உயரம், தலையில் மஞ்சள் துணி, கையில் நான் அனுப்பிய டம்ளர். சமைக்கும்போது அவள் வெளியே வருவதில்லை. கடையே திரும்பிப் பார்த்தது.

"இதை அனுப்புனது யாரு?"

நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்துகொண்டு பதில் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. "நான்தான். அமெதேயோ சியாரா."

"சியாரா சார், இந்த மாதிரி வினிகரை நான் என் வாழ்க்கையில ருசி பாத்ததில்ல. எங்க வாங்குனீங்க?" அப்போதுதான் அவள் கண் மேஜைமேல் போனது. இரண்டு டம்ளர்கள். பாதிப் பாட்டில். "ஐயோ கடவுளே! ரெண்டு பெரிய மனுஷங்களும் இதைக் குடிக்கிறீங்களா?"

பக்கத்து மேஜைப் பெண்களில் ஒருத்தி சாற்றை மூக்கு வழியே விட்டாள்.

என் அப்பா உயிரோடு இருந்து பார்த்திருந்தால் பெயரை மாற்றிக்கொண்டிருப்பார். அப்போது எனக்குப் பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது. பிடென்சியோவும் எழுந்து நின்றார்.

"குடிக்கலம்மா. ருசி பாக்குறோம்," என்றார். "எந்தச் சாப்பாட்டுக்குச் சேரும்னு ரெண்டு பேரும் பேசிட்டிருந்தோம். என் சம்பந்தி இதைச் சமையலறைக்குன்னுதான் கொண்டுவந்தாரு. குடிக்கிறதுக்கு இந்தா, கீழே இருக்கு." குனிந்து மெஸ்காலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

நதீன் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிப்பை உள்ளேயே வைத்துக்கொண்டாள். அதற்கு அவளுக்கு நான் இன்றும் நன்றி சொல்வேன்.

"அப்படியா? அப்ப நான் எடுத்துட்டுப் போலாமா?"

"எடுத்துட்டுப் போம்மா. உனக்குத்தான்," என்றேன்.

அவள் போனதும் மெஸ்கால் பாட்டிலின் மூடியை நானே திருகித் திறந்தேன். எல்லாருக்கும் ஊற்றினேன், காலை நேரம் என்று பாராமல் எங்கள் வீட்டுப் பெண்களுக்கும். லொரெடானா தன் டம்ளரைத் தூக்கி, "சமையலறைக்கு!" என்றாள். நான் அவளை முறைத்தேன். அவளோ குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டாள்.

சிறிது நேரத்தில் நதீன் ஒரு தட்டு அனுப்பினாள். நீளப் பச்சைமிளகாயைப் பொரித்து, என் வினிகரில் புரட்டி, மேலே முட்டை. தட்டு காலியானது எப்படி என்று யாரும் பார்க்கவில்லை. பிடென்சியோ கடைசித் துளியை ரொட்டியால் துடைத்தார். அது மரியாதைக்காகச் செய்தது இல்லை. அந்த வித்தியாசத்தை அன்று முழுவதும் கூர்ந்து பார்த்தவன் நான்.

வெளியே வந்தோம். பெண்கள் முன்னால் போனார்கள். ரொசால்பா வழக்கத்தைவிட வேகமாக நடந்தாள். நாங்கள் இருவரும் பின்னால். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"சம்பந்தி," என்றேன், "உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"முதல் வாய்ல."

"முதல் வாய்லயா?"

"எங்க வீட்டுல அன்னாசித் தோல்ல வினிகர் போடுவோம். நான் சின்ன வயசுல இருந்து குடத்துல மூக்கை விட்டுட்டு வளந்தவன்."

"அப்புறம் ஏன்யா ரெண்டு டம்ளர் குடிச்சீங்க?"

அவர் நின்று என்னைப் பார்த்தார். "நீங்களும் குடிச்சீங்களே."

அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. ரொட்டிக்கடையிலும் யாரும் பேசவில்லை. காது கொடுத்துக் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

அன்று மாலை நிலவறையில் வினிகர் பாட்டில்களை எல்லாம் தனி அலமாரிக்கு மாற்றினேன். ரொசால்பா படியில் நின்று, "ஒரு முழக் கயித்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்றாள். கயிற்று உருண்டை ஒன்றை வாங்கி அவள் அடுப்புக்கு மேல் மாட்டியிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு அதே கடை, அதே மேஜை. இந்த முறை பாட்டிலை வீட்டிலேயே திறந்து பார்த்துவிட்டுத்தான் கொண்டுபோனேன். பரிமாறும் பெண் ஊற்றினாள். பிடென்சியோ டம்ளரைத் தூக்கி, எல்லார் முன்னாலும், மூக்கை உள்ளே விட்டு, நிதானமாக, நீண்ட நேரம் முகர்ந்தார். அந்த உரிமை அவருக்கு உண்டு. அவர் மூக்கை எடுக்கும்வரை நான் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன்.