நாற்பது பித்தளைப் பொத்தான்கள்

பழைய கோட்டுகளிலிருந்து கழற்றி வைத்திருந்த நாற்பது பித்தளைப் பொத்தான்களை இணைய ஏலத்தில் விற்றேன். ஒவ்வொன்றாகப் போட்டால்தான் விலை ஏறும் என்று யோசனை சொன்னது என் மச்சினன். ஏறத்தான் செய்தது. ஒவ்வொன்றும் பன்னிரண்டு ரூபாய்க்குப் போனது. நாற்பதையும் எடுத்தவர் ஒரே ஆள். வந்த பணத்தைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு பன்னிரண்டிலும் ஐந்தைக் காணோம்.

கத்தரிக்கோலை மேசையில் வீசினேன். அது துள்ளி அடியில் விழுந்தது. ஏலக் கம்பெனிக்குப் போன் போட்டேன்.

"ஒவ்வொரு பேமென்ட்டுக்கும் அஞ்சு சார், அது மாறாது," என்றாள் அங்கிருந்த பெண். "எல்லாத்தையும் ஒரே பில்லாச் சேர்த்து அனுப்பியிருந்தா ஒரு தடவைதான் பிடிச்சிருப்போம்."

"ஒத்தைப் பொத்தானுக்கு உங்களுக்கு அப்படி என்னம்மா வேலை?"

"சின்னத் தொகையா இருந்தாலும் வேலை அதேதான் சார்."

போனை வைத்துவிட்டு மனைவியிடம் பாய்ந்தேன். "பகல் கொள்ளை அடிக்கிறானுங்க. உன் தம்பியும் அதுக்குக் கூட்டு."

காஜா எடுத்துக்கொண்டிருந்த அவள் தலையைத் தூக்காமலேயே, ஊசியால் சுவரைக் காட்டினாள். நான் என் கைப்பட எழுதி மாட்டிய பலகை அங்கே தொங்கியது: 'ஒரு பொத்தான் தைத்தாலும் கூலி இருபது. பேரம் பேசாதீர்.'

"நேத்து ஒத்தைப் பொத்தானோட வந்த பெரியவரும் இதையேதான் கேட்டாரு," என்றாள். "ஒரு பொத்தானோ பத்துப் பொத்தானோ, ஊசியில நூல் கோக்கிற வேலை ஒண்ணுதானேன்னு அவர்மேல எரிஞ்சு விழுந்தீங்க."

நான் கத்தரிக்கோலை எடுக்க மேசைக்கு அடியில் குனிந்தேன். அது கண்ணெதிரேதான் கிடந்தது. இருந்தும் நெடுநேரம் தேடினேன்.