பதினேழு வளைவு

புதரில் சிக்கி அதிகம் சேதமில்லாமல் கிடைத்த சைக்கிளின் இரண்டு எண்ணெய் பிரேக்கையும் காளீஸ்வரி மறுபடி அழுத்தினாள். சக்கரங்கள் கல்லாக நின்றன. இப்படிப் பிடிக்கிற பிரேக்கை வைத்துக்கொண்டு அண்ணன் பதினேழு வளைவுள்ள போடிமெட்டு மலை இறக்கத்தில் எப்படிப் பள்ளத்துக்குள் போனான்?

அண்ணன் வீரணன் வீட்டுக்குள்ளே கண்ணாடிக் குளிர்பெட்டியில் கிடந்தான். நூறு வருஷத்துச் சைக்கிள் கம்பெனி ஒன்று புது மாடல்களை அவனிடம்தான் கொடுத்துப் பார்க்கும். தார் ரோட்டுக்கு ஒன்று, ஏலத்தோட்டத்துச் சரளைப் பாதைக்கு ஒன்று. அவன் ஓட்டிவிட்டுச் சொல்வதைக் காளீஸ்வரி எழுதி அனுப்புவாள்.

கம்பெனி ஆள் பிரதீப் வேனோடு வந்திருந்தான். தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, வண்டியில் குறையில்லை, மிச்சச் சோதனையை நாளைக்குச் சின்ராசு ஓட்டிவிடட்டும் என்றான். வீரணனோடு ஓட்டுகிறவன் சின்ராசு. தலையைக் குனிந்தபடி சரி என்றான். வீரணன் குடித்திருப்பான் என்று யாரோ முணுமுணுத்தது காளீஸ்வரி காதில் விழுந்தது.

"ஏத்தா, நீர்மாலைக்குத் தண்ணி எடுக்க எல்லாரும் நிக்கிறாக. நீ சைக்கிளக் கொஞ்சிக்கிட்டிருக்க. வெரசா வா," என்றார் தாய்மாமன் பொன்னுமணி.

"செத்த இருங்க மாமா."

வாசலில் கொட்டுக்காரர் சிரட்டைத் தீயில் பறையை வாட்டிக்கொண்டிருந்தார். தட்டினார், மந்தமாகக் கேட்டது. இன்னும் வாட்டித் தட்டினார், கணீரென்றது. அதே தோல்தான். காளீஸ்வரி அதையே பார்த்தாள். காலையிலிருந்து அவள் அழுத்திக்கொண்டிருந்தது ஆறிப்போன பிரேக். அண்ணன் அதைப் பிடித்தபடியே, அது சூடேறச் சூடேற, வளைவு வளைவாக இறங்கியிருக்கிறான்.

கொட்டுக்காரரிடம் கேட்டு, கரண்டியில் தணலை அள்ளி முன் பிரேக்குக்கு அடியில் பிடித்தாள்.

"கம்பெனி வண்டிங்க. தீய வைக்காதீங்க," என்றான் பிரதீப்.

"நாளைக்கு இதுலதான சின்ராசண்ணன் எறங்கணும்?"

பிரதீப் ஒதுங்கி நின்றான். கரண்டிக் காம்பு கையைச் சுட்டது. அவள் மாற்றிப் பிடிக்கவில்லை.

"அண்ணே, இப்பப் புடிங்க."

சின்ராசு முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு அழுத்தினான். பிரேக் பிடி தடையே இல்லாமல் உள்ளே போய் ஹேண்டில்பாரைத் தொட்டது. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பின்பிரேக்கைச் சுட்டபோதும் அப்படித்தான். ஆறியதும் இரண்டும் பழையபடி பிடித்தன.

நீர்மாலைக்குப் போகுமுன் காளீஸ்வரி போனில், கம்பெனி அறிக்கையில் வீரணன் பெயர் போட்ட பக்கத்தில் எழுதி அனுப்பினாள்:

'பிரேக் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது. நீண்ட இறக்கத்தில் சூடானால் தண்ணீர் ஆவியாகும். எண்ணெய் அமுங்காது, ஆவி அமுங்கிவிடும், பிரேக் பிடிக்காது. ஆறினால் பிடிக்கும். எல்லா வண்டியிலும் எண்ணெயை மாற்றி, சுட வைத்துப் பார்த்த பிறகே மலைக்கு அனுப்ப வேண்டும்.'