கம்பம் மறைத்த எண்

கம்பம் என்றால் நட்டு வைத்த குச்சி என்று நினைப்பவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. பல் செட்டுக் கட்டுவது என் தொழில். போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு லேப். அதன் பின்னறையில், பழைய கதவுகள் இரண்டைச் சேர்த்துப் போட்ட மேஜையில், போடி ரயில்வே ஸ்டேஷனையும் பின்னாலிருக்கிற மலையையும் எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். எட்டு மீட்டர் மின்கம்பம் அங்கே ஒன்பது சென்டிமீட்டர். பல்லுக்குக் கிளிப் போடுகிற கம்பிதான் ஒயர். பல் செய்து மிஞ்சிய வெள்ளைப் பொடியைக் குழைத்தால், ஒயரைத் தாங்குகிற பீங்கான் கப்பு. ஆள் ஏறாமலிருக்கச் சுற்றிய முள்கம்பி, அபாயப் பலகை, எதுவும் விடுபடக் கூடாது.

இதற்காக நிஜக் கம்பங்களின் போட்டோ அனுப்புகிறவர் முனீஸ்வரன், என் தங்கை அனுப்பிரியாவின் வீட்டுக்காரர். கரண்ட் ஆபீஸில் ஒயர்மேன். போடிமெட்டுப் பக்கம் அவர் பொறுப்பு. "ஊரே கரண்டு வந்தாப் போதும்னு இருக்கு. நீங்க ஒருத்தர்தான் மச்சான், பொண்ணு பாக்குற மாதிரி கம்பத்தப் பாக்குறீங்க" என்பார். தன்னையும் வைக்கச் சொல்லி நச்சரித்ததால், மெழுகில் இரண்டு சென்டிமீட்டருக்கு ஓர் ஆள் செய்து, காக்கிச் சட்டை தீட்டி, மலையடிவாரக் கம்பத்தின் உச்சியில் ஒட்டியிருந்தேன்.

அன்று காலை ஒன்பதரைக்கு ஒரு போட்டோ வந்தது. கூடவே அவர் குரல்: "மச்சான், மெட்டுக்குக் கீழ, ஏலக்காய் ஸ்டோர்ப் பக்கத்துல கடைசிக் கம்பம். கப்பு ஒடஞ்சு கெடக்கு. பதினோரு மணிக்கு ஃப்யூசப் பிடுங்கிட்டு ஏறப் போறேன்."

போட்டோவில் பாதி இடத்தை அவருடைய இளிப்பே அடைத்துக்கொண்டிருந்தது. கேட்டது கம்பம், அனுப்பியது மூஞ்சி. எரிச்சலில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் சோலியைப் பார்த்தேன்.

பத்து நாற்பதுக்குத்தான் அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு ஒயரும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் பின்தொடர்வது என் வழக்கம். கம்பத்திலிருந்து ஸ்டோர்ச் சுவரிலிருந்த மீட்டருக்கு ஒரு கறுப்பு ஒயர் போயிற்று. அது சரி. இன்னொரு கறுப்பு ஒயர், பக்கத்துத் தகரக் கொட்டகையிலிருந்து வந்து அதே கம்பத்து லைனோடு முறுக்கிக்கொண்டிருந்தது. கொட்டகைக்கு வெளியே கரி பிடித்த புகைக்குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இருப்பது ஜெனரேட்டர்.

கரண்ட் நின்றால் உலர்த்துகிற சூடு குறைந்து ஏலக்காயின் பச்சை நிறம் போய்விடும் என்று ஸ்டோரில் உடனே ஜெனரேட்டரைப் போடுவார்கள். அந்தக் கரண்ட் நேரே கம்பத்துக்கு வரும். ஃப்யூசைப் பிடுங்கிவிட்ட தைரியத்தில் மாப்பிள்ளை வெறுங்கையை வைப்பார். லைனைத் தரையோடு இணைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும்; அதற்கான கம்பியை ஜீப்பிலேயே விட்டுவிட்டுப் போகிற ரகம் அவர்.

மலையில் சிக்னல் வந்து வந்து போகும்; இப்போது அவர் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. கரண்ட் ஆபீஸில் எடுத்தவர் பதறிப்போய் உடனே ஆள் அனுப்புவதாகச் சொன்னார். ஆனால் ஜீப்பு மலையேற முக்கால் மணி நேரம் ஆகும். அனுப்பிரியாவிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

மறுபடி போட்டோவைப் பார்த்தேன். ஸ்டோர்ச் சுவரில் பெயின்ட்டால் போன் நம்பர் எழுதியிருந்தது. ஒன்பது எண்கள் தெரிந்தன. ஏழாவது எண்ணைக் கம்பம் மறைத்திருந்தது. கம்பம் முழுசாகத் தெரியும்படி எடுங்கள் என்று அவரை எத்தனை நாள் ஏசியிருப்பேன்!

பூஜ்யத்திலிருந்து தொடங்கினேன். அப்படியொரு நம்பரே இல்லை. ஒன்றுக்கு ஒரு பெரியவர், "ஆரு, சுந்தரம்மா மகனா?" என்று விடாமல் விசாரித்தார். இரண்டைப் போட்டால் லைன் பேச்சில் இருந்தது. மூன்று, நான்கு, ஐந்து. ஒருத்தர் கடன் கேட்கிறேன் என்று நினைத்துத் திட்டினார். ஆறுக்கு மலையாளத்தில் பதில் வந்தது. ஏழு ஒரு மளிகைக் கடை. எட்டு உபயோகத்தில் இல்லை. ஒன்பதும் இல்லை. மணி பதினொன்று தாண்டி நான்கு நிமிடம். மிச்சம் இருந்தது, பேச்சில் இருந்த அந்த இரண்டுதான். அடித்தேன்.

"ஏலக்காய் ஸ்டோருங்க" என்றது ஒரு பெண் குரல். அதற்குப் பின்னால் ஜெனரேட்டர் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"ஆத்தா, ஜெனரேட்டர அமத்துங்க! வெரசா!"

"யாருய்யா நீ? கரண்டு போயி இப்பத்தான் போட்டோம். காய் நெறம் செத்துப்போயிருமே."

"கம்பத்துல ஆளு ஏறுறாரு ஆத்தா! உங்க ஜெனரேட்டர் கரண்டு அதுலதான் வருது!"

"ஐயோ, ஏய்யா... தொட்றாத!" என்று அலறிக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது. பிறகு தடதடப்பு நின்றது. அதற்குப் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. சாமியை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

"மச்சான்." அதே போனில் முனீஸ்வரனின் குரல். அதில் கேலி இல்லை. "கைய நீட்டிட்டேன், மச்சான். இந்த ஆத்தா மட்டும் கத்தலேன்னா..."

"மாப்ளே."

"அந்த ஒயர எப்படிப் பாத்தீங்க? நான் பக்கத்துலயே நின்னும் பாக்கலையே."

"ஒயர ஒவ்வொண்ணா எண்ணுனேன் மாப்ளே" என்றேன். அதற்கு மேல் முடியாமல், கட்டி முடிக்காத பல் செட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து சத்தமாக அழுதேன். "இறங்கிட்டேன் மச்சான். தரையிலதான் நிக்கிறேன்" என்று அவர் நாலைந்து தடவை சொன்னார்.

போனை வைத்ததும் இடுக்கியை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன். கம்பத்து உச்சியில் இருந்த மெழுகு ஆளைப் பிடித்து இழுத்தேன். ஆள் வந்துவிட்டார். பசை போட்டு ஒட்டிய கைகள் இரண்டும் ஒயரைப் பிடித்தபடி அங்கேயே தங்கிவிட்டன. அவற்றையும் ஒரு துளி மிஞ்சாமல் சுரண்டி எடுத்தேன்.