‘யாரால்’ என்னும் இடம்

1

அன்று மேசையைச் சுற்றி இருந்தவர்கள்: ஓய்வுபெற்ற சர்வேயரான மூத்தவர், கணக்கு டீச்சரான அவருடைய தங்கை, லிப்ட் மெக்கானிக்கான கடைசித் தம்பி, தம்பியின் மனைவி. வேறு யாரும் இல்லை. இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் அன்று அங்கே இல்லை.

இதை எழுதுபவர் மூத்தவரே. ‘நான், நான்’ என்று எழுதுவது அவருக்குப் பிடிக்காது. அதனால் படர்க்கையில் வருகிறார். கதை ஒரு நன்றி அறிவிப்பிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறார்.

ஒன்பதாம் மாடியில் தம்பி உள்ளே நின்று பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோது லிப்ட் நழுவியது. இரண்டு மாடி இறங்கியதும் பாதுகாப்புப் பிரேக், லிப்ட் இறங்கும் தண்டவாளத்தைக் கவ்வி நின்றது. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அந்தக் கட்டடத்து அறிவிப்புப் பலகையில் குடும்பத்தின் சார்பில் நன்றி ஒட்டியாக வேண்டும், உடன்பிறந்தவர்கள் மூவரும் கையெழுத்திட வேண்டும் என்றார் மூத்தவர். இந்த வீட்டிலிருந்து இரண்டு கையெழுத்தோடு எந்தத் தாளும் வெளியே போனதில்லை.

2

மூத்தவர் எழுதிப் படித்தார்: “இறைவன் அருளால் எங்கள் தம்பி—” (தம்பி பேனாவை மூடினான்.)

“தற்செயலாக எங்கள் தம்பி—” (தங்கை எழுந்துவிட்டாள்.)

“எங்கள் தம்பி காப்பாற்றப்பட்டான்.”

செயப்பாட்டுவினை எவ்வளவு பெரிய உபகாரம்! செய்தவர் யாரென்று சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடுகிறது. மூத்தவர் தலை நிமிர்ந்தார்.

“யாரால?” என்றாள் தங்கை.

“யாரால?” என்றான் தம்பி.

பல வருடங்களுக்குப் பிறகு இருவரும் ஒத்துப்போன சொல் அது.

3

“லிப்ட் கயிறு எதுலடா தொங்குது?” தங்கை ஆரம்பித்தாள்.

“சக்கரத்துல. சக்கரம் உத்தரத்துல, உத்தரம் சுவர்ல, சுவர் தரையில. உன் கடவுள் எதுலக்கா தொங்குறார்?”

“எதுலயும் தொங்காத ஒண்ணு இருந்தாத்தானே மத்ததெல்லாம் தொங்கும்?”

“அந்த ஒண்ணு இந்த உலகமாவே இருந்துட்டுப் போகட்டுமே.”

(இங்கே தங்கைக்கு ஒரு சூடான பதில் எழுதிக்கொடுக்க எழுதுபவருக்கு ஆசை. அவள் சொல்லாததை அவள் வாயில் திணிப்பது முறையல்ல என்று விட்டுவிட்டார்.)

“அப்போ பிரேக் பிடிச்சதே?”

“செஞ்சவன் ஒழுங்கா செஞ்சிருந்தான். போன வருஷம் என் கூட்டாளி லிப்டோட விழுந்தான். தினமும் கும்பிட்டுட்டு வேலைக்கு வர்றவன். அவனுக்கு ஏன்க்கா பிரேக் பிடிக்கல?”

“தெரியாதுடா.”

அந்தப் பதில் தம்பியின் குரலை இறக்கியது. “ஆனா ஒண்ணு. வெளியில வந்ததும் யாருக்காவது நன்றி சொல்லணும்போல இருந்துச்சு. யாருக்குன்னுதான் தெரியல.”

“நன்றி இருந்தா வாங்கிக்க ஆள் வேணும்ல?”

“தாகம் எடுத்தா பக்கத்துல தண்ணி இருக்குன்னு ஆயிடுமா?”

“தண்ணின்னு ஒண்ணு உலகத்துலயே இல்லன்னா தாகம் எதுக்குடா?”

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “டீச்சர்கிட்ட வாய் கொடுத்தது என் தப்பு. உன் வரியையே போடுக்கா.”

“வேண்டாம். நம்பாததுல நீ கையெழுத்துப் போட்டா அது என்ன நன்றி? உன் வரியைப் போடு.”

“நீ மட்டும் நம்பாததுல போடுவியா?”

சண்டை திசை மாறி மறுபடி தொடங்கியது.

“இவர் உயிரோட உட்கார்ந்து வாயாடுறாரு. எனக்கு அது போதும்” என்றாள் தம்பியின் மனைவி. “கையெழுத்தைப் போட்டுட்டு அப்புறம் யார் பிடிச்சாங்கன்னு தேடுங்க.”

4

மூத்தவர் எழுதினார்: “__________ எங்கள் தம்பி காப்பாற்றப்பட்டான். நன்றி.” கீழே மூன்று கையெழுத்து.

முடிவு ஒன்று: தம்பி ஒருநாள் அந்தக் கோட்டில்— (வேண்டாம்.)

முடிவு இரண்டு: தங்கை அந்தத் தாளைக் கிழித்து— (இந்தக் குடும்பத்தில் அப்படி நடக்காது.)

கோட்டை நிரப்புவது உங்கள் பாடு. மூத்தவர் அதில் தலையிட மாட்டார். மேசையைச் சுற்றி எந்த நாற்காலியும் காலியாக இல்லை. அதற்கு நன்றி சொல்ல அவருக்கு இந்த ஒரு தாள் போதவில்லை என்பதால்தான் இத்தனை பக்கம்.

5

கட்டடத்தில் ஒரு பேச்சு அடிபடுகிறது: லிப்ட் விழுந்தபோது தம்பி கடவுளைக் கூப்பிட்டானாம். தவறு. லிப்ட் இண்டர்காமில் கேட்டுக்கொண்டிருந்த காவலாளியை மூத்தவரே நேரில் போய் விசாரித்தார். தம்பி கூப்பிட்டது அக்காவை.