ஆயுத பூசைக்கு ஓய்வெடுத்த சர்வர்

“யாரு நிறுத்தினதுன்னு அதையே கேளு தம்பி” என்றார் டத்தோ உடையப்பன், சுழல் நாற்காலியில் சாய்ந்தபடி. இன்னும் தற்காலிக வேலையில் இருக்கும் ரூபன் கணினியில் தட்டினான். சர்வரின் பதிவுகளைத் தானே படித்து, கேட்டதற்குப் பதில் சொல்லும் அந்த ஏஐ ஏஜெண்டை வாங்கிய அன்று, ஜெலாப்பாங் ஆபீசில் ரிப்பன் வெட்டித் திரைக்கு மாலை போட்டார்கள். டத்தோ அதற்குக் கொடுத்த முதல் உத்தரவு, தன்னை டத்தோ என்ற பட்டத்தோடுதான் குறிப்பிட வேண்டும் என்பது. அது மறக்கவில்லை.

“வேன் சேவையை நிறுத்தியவர்: மதிப்புமிகு டத்தோ உடையப்பன் அவர்கள், தமது கைப்பேசியிலிருந்து.”

இதில் ரகசியம் ஒன்றுமில்லை. ஆபீஸ் முழுக்கக் கூடி நின்று பார்த்ததுதான். டயாலிசிஸ் நோயாளிகளை வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு போய்த் திரும்ப விடுவது கம்பெனியின் தொழில். எந்த வேன் எந்த வீட்டுக்கு என்று டிரைவர்களின் போனுக்குச் சொல்வது சர்வர். ஆயுத பூசையன்று வேன்களுக்குப் பொட்டு வைத்த கையோடு சர்வருக்கும் சந்தனம் அப்பினார்கள். டத்தோ மைக் பிடித்தார். ஆயர் தாவார் ரப்பர் தோட்டத்தில் தம் அப்பா பால் வெட்டும் கத்தியைச் சாமி முன்னால் வைத்தால், மறுநாள் பூசை போட்டுத்தான் தொடுவார் என்று தழுதழுத்தார். அவருடைய அப்பா அந்தத் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி, பேனாவைத் தவிர வேறெதையும் பிடிக்காதவர் என்பது டிரைவர் பத்துமலைக்குத் தெரியும். கத்தி பிடித்தது பத்துமலையின் அப்பா. “நம்ம ஆயுதம் இதுதான்!” என்று சர்வரைக் காட்டிய டத்தோ, போனை எடுத்து நிறுத்தும் பட்டனை அமுக்கினார். முதலாளி கையில் எல்லாச் சாவியும் இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிய பட்டன். எல்லாரும் கை தட்டினார்கள். ரூபனும்தான்.

ஒரே வேன் இருந்த காலத்திலிருந்து அட்டவணை பார்க்கும் கலாதேவி மட்டும் கிட்டே போனாள். “டத்தோ, மத்தியான ஆளுங்க லிஸ்டு இன்னும் போவல. அட்ரஸ் எல்லாம் உள்ளதான் இருக்கு.”

“ஒரு நாள் சாமிக்கு விடும்மா. ஆஸ்பத்திரி எங்கயும் ஓடிப் போயிடாதுலா.”

வேன்கள் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு அதற்குமேல் நகரவில்லை. போனில் பெயர் வராததால் லீவு என்று நினைத்து டிரைவர்கள் வாழை இலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டார்கள். டத்தோவின் கார் கேட்டைத் தாண்டும்வரை காத்திருந்து, சாயங்காலம் கலாதேவிதான் சர்வர் அறைக்குள் போய் சேவையைத் திரும்பத் தொடங்கினாள். பத்து காஜாவில் மத்தியான லிஸ்டில் இருந்த நோயாளி ராமையா அதுவரை துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் கேட்டருகே உட்கார்ந்திருந்தார். மறுநாள் மூச்சு முட்டி ஆம்புலன்சில் போனவர் இன்னும் கண் திறக்கவில்லை. டயாலிசிஸ் மையம் அறிக்கை கேட்டிருந்தது. யார் பொறுப்பு என்று அதில் ஒரு பெயர் வேண்டும்.

“நீ சரியா கேக்கல” என்றார் டத்தோ. “நிறுத்தினதுக்கு அப்புறம் அதுல கை வச்சது யாருன்னு கேளு.”

“கலாதேவி, மாலையில் சேவையைத் தொடங்கினார்.”

“தாமதமா?”

“ஆம். பல மணி நேரத் தாமதம்.”

“தொடங்க அனுமதி வாங்கினதா பதிவு இருக்கா?”

“இல்லை.”

“பாத்தியா? மெசினு பொய் சொல்லாது.” டத்தோ நிமிர்ந்தார். “இந்த மூணையும் ரிப்போட்ல போடு.”

“டத்தோ, மொதல்ல வந்த பதிலு...”

“அது பூசை தம்பி. அதைப் போட்டா நம்ம சமயத்தையில்ல கேலி பண்ணுவானுங்க? நாளைக்கு இனமே தலை நிமிர முடியாது.” எழுந்தவர் அவன் தோளில் தட்டினார். “உன்ன நிரந்தரமாக்குற லெட்டர் என் மேசையிலதான் இருக்கு.”

ரூபன் மூன்றையும் போட்டான். சொல்லப்பட்டது எல்லாம் உண்மை என்பதால் எழுதுவது சுலபமாக இருந்தது.

மறுநாள் காலை கலாதேவி, வேலையிலிருந்து நிறுத்திய கடிதத்தோடு அவன் மேசைக்கு வந்தாள்.

“பசியாறியாச்சா?”

“இன்னும் இல்லக்கா. நான் ஒண்ணும் பண்ணல. அது சொன்னததான்...”

“அது என்னா சொல்லுச்சுன்னு இதுல போட்டுருக்கு, படிச்சிட்டேன்.” கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். “நீ என்னா கேட்ட?”

அவன் விசைப்பலகையைப் பார்த்தான். அவள் கைப்பையைத் தோளில் மாட்டினாள். “பத்து காஜாவுக்குப் போறேன், ராமையா மக தனியா இருக்கு. அங்கயும் கேப்பாங்கல்ல, ஏன் வேன் வரலன்னு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகுதான் அவனுக்குத் தோன்றியது. நேற்றுக் கேட்டவற்றைக் காட்டச் சொன்னான். ஏஜெண்ட் வரிசையாகக் காட்டியது. ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, கேட்டவர்: ரூபன். சொல்லிக்கொடுத்த வாய்க்கு அதில் இடமே இல்லை. இவற்றை அழிக்க முடியுமா என்று தட்டினான்.

“மன்னிக்கவும், முடியாது. வேறு ஏதேனும் பார்க்க வேண்டுமா?”

அழிக்க முடியுமா என்ற கேள்வியும் அவன் பெயரோடு பட்டியலின் அடியில் வந்து உட்கார்ந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், காய்ந்து வெடித்த சந்தனத்துக்கு நடுவில், சர்வரின் பச்சை விளக்கு மினுங்கி மினுங்கி எழுதிக்கொண்டே இருந்தது.