கையெழுத்துக்கு மேலே ஒரு காலி இடம்

1

இந்தக் கதை என் இடது கன்னத்தில் தொடங்கியது. ஐம்பத்திரண்டு வயதில் அங்கே மங்கு விழுந்தது. ஊரார் பகட்டைக் கிண்டலடித்தே பிழைப்பவன் நான்; என் முகத்தில் ஒரு கறை என்றதும் பொறுக்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் சென்னீர்குப்பத்துக்கு ஆட்டோ பிடித்தேன். நெடுஞ்சாலையோரம் டயர் கடைக்கு மேல்மாடியில் ‘பூரணப் பொலிவு மெடிக்கல் ஸ்பா’. பலகையில் டாக்டர் உலகநாதன் கைகட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே: ‘முழுநேர மருத்துவர் மேற்பார்வையில்.’

அது பொய்யில்லை. பலகையிலிருந்து அவர் இருபத்துநாலு மணி நேரமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

முதலில் எழுதிய தொடக்கம் இது: ‘லாரிப் புழுதியில் அந்தி மயங்கிய வேளையில் அனுசுயா துயரம் தோய்ந்த தன் விழிகளை உயர்த்தி—’

அடித்துவிட்டேன். அந்த விழிகளை நான் பார்க்கவே இல்லை. லேசர் போடும்போது மாட்டுகிற பச்சைக் கண்ணாடி அவற்றை மறைத்திருந்தது.

2

அங்கே லேசர் போடுகிற அனுசுயாவுக்கு முப்பத்துநாலு வயது. முத்தாபுதுப்பேட்டையில் அவளும் பள்ளிக்குப் போகும் மகளும் மட்டும். ஆறு மாத அழகுக்கலைப் படிப்பு, இயந்திரம் விற்றவர்கள் நடத்திய இரண்டு நாள் லேசர் பயிற்சி. [இரண்டாம் நாள் மதியம் பிரியாணி. எனவே ஒன்றரை நாள்.]

டாக்டர் உலகநாதன் ஓய்வுபெற்ற எலும்பு முறிவு மருத்துவர். தோலுக்கு எலும்பு டாக்டரா என்று ஒருவர் கேட்டபோது முதலாளி ஜெகதீஷ் அசரவில்லை. “இன்னா சார், தோலுக்குக் கீய எலும்புதானே கீது?”

அங்கே ஒரு வழக்கம். ஞாயிறு காலை டாக்டர் வருவார். காபி ஆறுவதற்குள் அறுபது தாள்களில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துவார். ‘மேற்கண்டவரை நேரில் பரிசோதித்தேன். சிகிச்சைக்குத் தகுதியானவர்.’ மேற்கண்ட இடம் காலியாக இருக்கும். வாரம் முழுக்க வருகிறவர்களின் பெயரை அனுசுயா அதில் நிரப்புவாள். வெள்ளிக்கிழமையே தாள் தீர்ந்துவிட்டால், “டாக்டர் லீவு” என்று ஆட்களைத் திருப்பி அனுப்புவார்கள். தாள் இருக்கும்வரை டாக்டர் இருக்கிறார்.

(அடிக்குறிப்பாகப் போட்டிருக்க வேண்டியது: தாளில் மூன்று கையெழுத்துகள். டாக்டர், சிகிச்சை செய்பவர், வாடிக்கையாளர். மூன்றாவதை நானும் போட்டேன். படிக்கவில்லை; மூக்குக்கண்ணாடி பையில் இருந்தது. இதை நினைவில் வையுங்கள், நான் மறக்கப் பார்ப்பேன்.)

3

நிஷா திண்டுக்கல்காரி. அம்பத்தூரில் ஐ.டி. வேலை, சேக்காட்டில் வாடகை ஃபிளாட். தாடை முடியை லேசரில் நீக்க மூன்றாம் தடவை வந்தபோது, ஆபீஸ் சுற்றுலாவில் கடற்கரை வெயில் பட்டு நன்றாகக் கறுத்திருந்தாள். கறுத்த தோலில் லேசர் போட்டால் சுடும். அந்த ஒன்றரை நாளில் அனுசுயா கற்றுக்கொண்டவற்றில் இதுவும் ஒன்று. வெளியே போய் டாக்டருக்குப் போன் போட்டாள்.

“சார், அந்தப் பொண்ணு வெயில்ல கறுத்துப் போயி வந்துகீது. இன்னிக்கு வாணாம்னு சொல்லிடட்டுமா?”

மேளச் சத்தத்துக்கு மேலே டாக்டரின் குரல் வந்தது. “நான் கல்யாணத்துல இருக்கேன்மா. லேசர் பவர ஒரு பாயிண்ட் கொறச்சு வெச்சுக்கோ. நீ பாத்துக்கம்மா.”

நாற்பத்தோரு விநாடி. அந்த அழைப்பின் கணக்கு அவள் கைப்பேசியில் இன்னும் இருக்கிறது; பேச்சு இல்லை.

“முடிச்சு விட்ருங்கக்கா,” என்றாள் உள்ளே நிஷா. “மறுபடி லீவு கேட்டா எங்க டீம் லீடு கொதிப்பாரு.”

மறுநாள் தாடை முழுக்கக் கொப்புளம். இரண்டு வாரம் கழித்து, இயந்திர முனையின் அளவிலேயே வட்ட வட்டமாக, வரிசை பிசகாமல் கருந்தழும்புகள். ஆபீஸ் கூட்டங்களில் கேமராவை அணைத்தே வைத்திருந்த நிஷா, ஒருநாள் சுகாதாரத் துறைக்குப் புகார் எழுதினாள். வியாழன் காலை பத்து மணிக்கு ஆய்வு என்று ஸ்பாவுக்குக் கடிதம் வந்தது.

4

இதுவரை அனுசுயா எனக்கு ரொம்ப வசதியாக இருந்தாள். எளியவள், எச்சரித்தாள், யாரும் கேட்கவில்லை. இப்படி ஒருத்தி கிடைத்தால் எழுத்தாளன் விடுவானா? இரண்டு பக்கம் உருகினேன்.

பிறகு, என் மங்குக்காக மூன்றாம் முறை போயிருந்த அன்று, நிஷாவின் தாளை அவளே எடுத்துக் காட்டினாள். ‘சோதனைப் புள்ளி வைத்து ஒரு நாள் கவனிக்கப்பட்டதா?’ அதாவது, முதலில் ஒரு சின்ன இடத்தில் மட்டும் லேசர் போட்டுப் பார்ப்பது. எதிரே உருண்டை எழுத்தில் ‘ஆம்’.

“வெச்சீங்களா?”

“இல்ல சார்.”

“அப்புறம் ஏன் ஆம்னு எழுதினீங்க?”

“எல்லாத் தாள்லயும் அப்டிதான் சார் எழுதுவேன். இல்லன்னு எழுதினா தாளு வேஸ்ட்டு. டாக்டரு மறுபடி ஞாயித்துக்கெயமதான் வருவாரு.”

அந்த இரண்டு பக்கங்களையும் கிழித்தேன். அவளுக்காக ஒரு வக்காலத்துப் பத்தி எழுதி அதையும் அடித்தேன். அவள் என்னிடம் வக்காலத்தா கேட்டாள்?

5

புதன்கிழமை ஜெகதீஷ் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். முன்பு மனை விற்றவர். இல்லாத சாலையை வரைபடத்தில் காட்டியே மொத்த நகரையும் விற்றுத் தீர்த்தவர்.

“அனு, டாக்டர் பேரு போச்சுன்னா லைசென்ஸு போச்சு. ஏழு பேரு ஊட்ல அடுப்பெரியாது. ஒரே ஒரு லெட்டரு எய்திக் குடு. டாக்டருக்குத் தெரியாம நானே பண்ட்டேன்னு. அவ்ளதான்.”

“அப்ப கேஸு எம்மேல வரும்ணா.”

“வரட்டுமே! வக்கீலு நம்ம ஆளு. ஆவடில புது பிராஞ்ச் தொறக்கச்சொல்ல நீதான் மேனேஜரு.”

“கேஸு இருக்குறவளயா மேனேஜரா போடுவீங்க?”

“போர்டுல உன் பேரா போடப்போறோம்? டாக்டர் பேருதானே.” தேநீரை அவள் பக்கம் நகர்த்தினார். “அந்தப் பொண்ணோட தாளு எங்க?”

“தெர்லண்ணா.”

தாள் அவள் சாப்பாட்டுப் பையில், டிபன் பாக்ஸுக்கு அடியில் இருந்தது.

டாக்டரும் பேசினார். இந்த முறை அவரே அழைத்தார். “நாப்பது வருஷ சர்வீஸ்ல எனக்கு ஒரு கெட்ட பேர் கெடையாதும்மா. நீ சின்னப் பொண்ணு, உனக்குத் தாங்கும்.”

6

முடிவு அ: வியாழனன்று அனுசுயா தாளை எடுத்து அதிகாரியிடம் நீட்டுகிறாள். மேலே எழுதியது யார் என்கிறார் அவர். நான்தான் என்கிறாள். “கையெழுத்துப் போட்டு வெச்சிருந்த தாளை இவ எடுத்திருக்கா,” என்கிறார் டாக்டர். [இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.]

முடிவு ஆ: கடிதம் எழுதிக் கொடுக்கிறாள். மறு ஞாயிறு காபி வருகிறது, அறுபது தாள்—

முடிவு இ: எனக்குப் பிடித்த முடிவு. புதன் மாலை அவள் சேக்காட்டுக்குப் போய்த் தாளை நிஷாவிடமே கொடுக்கிறாள். துப்பட்டாவால் தாடையை மூடியபடி நிஷா படிக்கிறாள். கடைசி வரி: ‘மருத்துவர் என்னை நேரில் பரிசோதித்தார்.’ அதன் கீழே அவளுடைய கையெழுத்து. “நானும்ல போட்ருக்கேன், அக்கா,” என்கிறாள்.

இருவரும் வாசலிலேயே நிற்கிறார்கள். எனக்கும் அவர்களை உள்ளே அனுப்பத் தெரியவில்லை.

இனி கற்பனை இல்லை. அந்தப் புதன் மாலை அனுசுயா சேக்காட்டுக்குப் போகவில்லை. எனக்குப் போன் போட்டாள்.

“சார், நாளைக்கு வர்றீங்களா? டாக்டரு உங்களயும் பாக்கலன்னு ஒரு வார்த்த சொன்னா போதும். நான் புள்ளி வெக்காததயும் நானே சொல்லிட்றேன். பொய்யி வாணாம் சார், எனக்கு. தனியாளா சொன்னா நம்ப மாட்டாங்கோ.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “கதை எழுதிட்டிருக்கேம்மா. எல்லாம் அதுல வந்துடும்.”

பிறகு கேட்டாள்: “கதைய எந்த ஆபீசுல சார் குடுக்கணும்?”

7

இன்று வியாழன். மணி ஒன்பதரை. டயர் கடையை ஒட்டிய படியில் சாப்பாட்டுப் பையோடு அவள் ஏறிக்கொண்டிருப்பாள். மேலே ஜெகதீஷ் கோப்புகளை அடுக்கியிருப்பார். டாக்டர் எல்லாரையும் நேரில் பார்த்தார் என்பதற்குச் சாட்சியாக முதலில் எந்தத் தாளை வைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். “எழுத்தாளர் சாரே போட்டுகீறாரு, பாருங்க!”

ஆட்டோவில் போனால் இருபது நிமிடம். நான் மேசையில் உட்கார்ந்து, ஒரு வாக்கியத்தில் ‘தான்’ வேண்டுமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். மங்கு முக்கால்வாசி போய்விட்டது.

முடிவை நான் எழுதவில்லை. கீழே என் கையெழுத்து மட்டும் முன்கூட்டியே இருக்கிறது. மேலே இடம் விட்டிருக்கிறேன்.

. . . . . . . . . . . . . . . . . . . . . . . .

. . . . . . . . . . . . . . . . . . . . . . . .

மேற்கண்ட முடிவை நேரில் பார்த்தேன்.
ஆசிரியர்: (ஒப்பம்)
வாசகர்: . . . . . . . . . . . .

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படித்துவிட்டுப் போடுங்கள்.